வேம்புவுக்குப் புகை பிடிக்காது

உடையார்பாளையத்துக்குத் தெற்கே இருக்கும் எங்கள் ஊரில் ஒருவர் இருமினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வீட்டுக்கு வீடு முந்திரிக்கொட்டை வறுக்கிறோம். அந்தக் கொட்டைத் தோலில் இருக்கிற எண்ணெய் சட்டியில் பற்றி எரிந்து, கரும்புகையாகக் கிளம்பி, கண்ணையும் தொண்டையையும் ஒரு கை பார்த்துவிட்டுத்தான் வானத்துக்குப் போகும். இதில் யார் இருமினார், எதற்கு இருமினார் என்று யார் கணக்கு வைப்பது? ஆனால் ராசாங்கத்தின் பெண்சாதி வேம்புவின் இருமல், சீசன் முடிந்து சட்டியைக் கவிழ்த்து வைத்த பிறகும் நிற்கவில்லை. ஒருநாள் காலையில் அவள் துப்பிய எச்சிலில் சிவப்பு தெரிந்தது. வெற்றிலை போடுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

ஜெயங்கொண்டத்து டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "சி.டி. ஸ்கேன் எடுத்துப் பாத்துரணும்மா. தள்ளிப் போடாதீங்க" என்றார். வேம்பு வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதைத் தள்ளிப் போட்டாள். "கொல்லை வேல கெடக்கு. இப்ப என்ன, நடந்துக்கிட்டுத்தான இருக்கேன்" என்றாள்.

ராசாங்கம் பயந்த சுபாவம். பஸ் கண்டக்டர் பாக்கிச் சில்லறை தர மறந்தால், இறங்கி நின்று பஸ் போன பிறகு அதைப் பார்த்துக் கேட்கிற மனிதர். வேம்பு இல்லாமல் அவருக்கு இந்த உலகத்தில் ஒரு வேலையும் ஓடாது என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

அந்த நேரத்தில்தான் 'சுவாசச் சுடர் இயக்கம்' எங்கள் ஊருக்கு வந்தது.

அது ஒரு பெரிய வெள்ளை வண்டி. உள்ளே சி.டி. ஸ்கேன் மெஷினையே பொருத்தி வைத்திருந்தார்கள். நுரையீரல் புற்றுநோயை முளையிலேயே கண்டுபிடிக்கிற திட்டமாம், இலவசமாம். வெளிநாட்டில் பல்லாயிரம் உயிரைக் காப்பாற்றிய திட்டம், இப்போது 'உள்ளூர் மக்களுக்கேற்பத் தகவமைக்கப்பட்டது' என்று வண்டியின் பக்கவாட்டில் எழுதியிருந்தது. எங்கே தகவமைத்திருக்கிறார்கள் என்று நானும் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன். வண்டியில் சிகரெட் பிடித்தபடி ஒரு வெள்ளைக்காரர் படம் இருந்தது. அவருக்கு மீசை வரைந்து, தோளில் துண்டு போட்டிருந்தார்கள்.

முகாமில் தொடுதிரை டேப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண் பெயர் லாவண்யா. பெரம்பலூர்ப் பக்கம், பூலாம்பாடிக்காரப் பெண். நல்ல பிள்ளை. டேப்பில் வருகிற கேள்வியைக் கேட்டு, வருகிற பதிலைத் தொடுவது அவள் வேலை. ராசாங்கம் வேம்புவை முதல் ஆளாகக் கொண்டுபோய் உட்கார வைத்தார்.

"உங்களுக்குப் புகை பிடிக்குமா?" என்று லாவண்யா வாசித்தாள்.

வேம்பு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "யாருக்கும்மா பிடிக்கும்? எனக்கு அறவே பிடிக்காது. என்ன பண்றது, பொழப்பு அதுலதான ஓடுது."

லாவண்யா 'பிடிக்காது' என்பதைத் தொட்டாள். டேப் பச்சை நிறத்தில் பூப்பூவாகக் கொட்டி, 'நீங்கள் ஸ்கேனுக்குத் தகுதியற்றவர். வாழ்த்துகள்' என்றது.

ராசாங்கம் எட்டிப் பார்த்தார். "ஏம்மா, கண்ணாலம் ஆயி வந்த நாள்லேருந்து சட்டிக்கு முன்னாடிதாம்மா ஒக்காந்திருக்கா. அவ குடிக்காத புகையா?"

"புரியுது சார். ஆனா அவங்களா பிடிக்கலையே. அது தானா உள்ள போயிருக்கு. தானா போற புகைக்கு ஆப்ல எடம் இல்ல."

அடுத்து அமாவாசை வந்தார். எங்கள் ஊரில் பீடி என்றால் அமாவாசை. பாதி குடித்து அணைத்த பீடி ஒன்று காதில் எப்போதும் இருக்கும். குளிக்கும்போதுகூட அதை நனையாமல் பார்த்துக்கொள்வார்.

"உங்களுக்குப் புகை பிடிக்குமா?"

"அந்தச் சனியன் எனக்கு எங்கம்மா பிடிக்குது? விடத்தான் முடியல" என்றார் அமாவாசை. டேப் அவருக்கும் பூக்கொட்டி வாழ்த்துச் சொன்னது.

அவருக்குப் பின்னால் வந்த ஆண்கள் அத்தனை பேரும் பீடி நாற்றமடிக்க நாற்றமடிக்க நின்று, பிடிக்காது, பிடிக்கவே பிடிக்காது என்று மனதாரச் சொன்னார்கள். ஒருத்தருமே பொய் சொல்லவில்லை. எங்கள் பக்கம் புகை பிடிப்பது என்று யார் பேசுகிறார்கள்? பீடி குடிப்பது என்றுதான் சொல்வோம். மத்தியானத்துக்குள் லாவண்யாவுக்கே சந்தேகம் வந்து, கேள்வியை ஊர்ப் பேச்சில் மாற்றி, "குடிப்பீங்களாண்ணே?" என்று கேட்டுப் பார்த்தாள். பக்கத்து வரிசையில் பெண்சாதிகள் நின்றுகொண்டிருந்தார்கள். "சேச்சே, அந்தப் பழக்கமே கெடையாதும்மா" என்று எல்லோரும் சத்தமாகச் சொன்னார்கள்.

சாயங்காலம் வண்டி யாரையும் படம் எடுக்காமல் கிளம்பியது. இப்படியே பக்கத்து ஊர்களிலும் நடந்தது. எங்கள் பகுதியில் புகை பிடிப்பவர் ஒருவர்கூட இல்லை என்ற முடிவு அரியலூரில் இருந்த இயக்க அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. வேறு ஆட்களாக இருந்தால் சந்தேகப்பட்டிருப்பார்கள். இயக்கத்தார் விழா எடுத்தார்கள்.

விழாவுக்கு ஊருக்கு இரண்டு பேரை வேன் வைத்துக் கூட்டிப் போனார்கள். கேடயம் வாங்க அமாவாசையும், ஸ்கேனுக்கு வழி கேட்கலாம் என்று ராசாங்கமும் போனார்கள். பந்தலை ஒட்டிச் சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. மேடையில் இருந்தவர்கள் ஒரு கையால் மூக்கில் கைக்குட்டையைப் பிடித்திருந்ததால் கைதட்ட முடியாமல் மேசையைத் தட்டினார்கள். இயக்கத்தின் மாவட்ட ஒருங்கிணைப்பாளர் ஜெயப்பிரகாஷ் மைக்கைப் பிடித்தார்.

"மத்த எடங்கள்ல புகையை ஒழிக்க வருஷக்கணக்கா பாடுபடுறாங்க. நாம ஒரே கேள்வியில ஒழிச்சிருக்கோம். நோயைக் கண்டுபிடிக்கத்தான் வந்தோம். கண்டுபிடிக்க ஆளே இல்லங்கிறதைக் கண்டுபிடிச்சிருக்கோம். ஒருத்தரைக்கூடப் படம் எடுக்காததால மெஷின் இன்னிக்கும் புத்தம் புதுசா இருக்குங்கிறதை நான் பெருமையோட சொல்லிக்கிறேன்."

அமாவாசை கேடயத்தை வாங்கிக்கொண்டு, நன்றி சொல்ல வாயைத் திறந்து, வெகுநேரம் இருமினார். உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று ஜெயப்பிரகாஷ் விளக்கினார்.

விழா முடிந்ததும் ராசாங்கம் அலுவலகத்துக்குள் போய்த் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். உள்ளே உள்ளூர்த் தகவமைப்புக் குழு கூடியிருந்தது. இயக்கத்தின் தலைமை ஆலோசகர் டாக்டர் கோகுலகிருஷ்ணன் நடுவில் இருந்தார். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். தமிழ்நாட்டு வெயிலையே ஒரு தவறான தகவல் மாதிரிதான் பார்ப்பார். வெளிநாட்டுக் கணக்குப்படி, தினம் ஒரு பாக்கெட் சிகரெட் வீதம் இருபது வருஷம் குடித்தவருக்குத்தான் ஸ்கேன். இங்கே பீடிக்கட்டு. ஒரு கட்டு எத்தனை பாக்கெட்டுக்குச் சமம் என்பதில் குழு மாட்டிக்கொண்டிருந்தது. பீடி அணைந்து போய் மறுபடி பற்ற வைத்தால் அது ஒன்றா, இரண்டா? மூன்று பேர் ஒரே பீடியை மாற்றி மாற்றி இழுத்தால் அது யார் கணக்கு? ஒரு பீடியைப் பற்ற வைத்தே பார்த்துவிடலாம் என்றார் ஓர் உறுப்பினர். அலுவலகம் புகையில்லா வளாகம் என்பதால் அதற்கு அனுமதி கேட்டு மேலிடத்துக்கு எழுதியிருந்தார்கள்.

ராசாங்கம் விஷயத்தைச் சொன்னார். முந்திரிப்புகை என்றதும் டாக்டர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இங்க பாருங்க. திட்டம் உலகத் தரம். அதுல தப்பே கிடையாது. உங்க மக்கள்தான் இன்னும் அதுக்கு ரெடியாகல. சிகரெட் குடிக்கணும். பாக்கெட்டா வாங்கணும். தினமும் ஒரே அளவா குடிக்கணும், அதை ஞாபகமும் வெச்சிருக்கணும். இந்த அடிப்படை ஒழுக்கம்கூட இல்லாம, பீடியைக் கைமாத்து வாங்கிக் குடிச்சா நாங்க எப்படிக் காப்பாத்துறது? போதாக்குறைக்கு முந்திரின்றீங்க. உலகத்துல எந்த ஆராய்ச்சியிலயும் முந்திரியை நான் படிச்சதில்ல. பாயசத்துலதான் பாத்திருக்கேன்."

"உள்ளூருக்குத் தகுந்தாப்ல மாத்தியிருக்குன்னு வண்டியில போட்டிருந்துச்சுங்களே, ஐயா" என்றார் ராசாங்கம்.

"மாத்துறதுன்னா திட்டத்தை மாத்துறதுன்னு நினைச்சுக்கிட்டீங்களா? திட்டத்தை மாத்துனா வெளிநாட்டோட ஒப்பிட முடியாமப் போயிடும். மாற வேண்டியது மக்கள்" என்றார் டாக்டர்.

ஜெயப்பிரகாஷுக்கு இளகிய மனசு. ராசாங்கத்தை வாசல் வரை கூட்டிவந்து, தோளில் கை போட்டு வழி சொன்னார். "உங்க வீட்டம்மா பீடி குடிச்சவங்கன்னு உங்க ஊர் அலுவலர்கிட்ட ஒரு சான்று மட்டும் வாங்கியாந்துடுங்க. நான் டாக்டர்கிட்ட பேசிக்கிறேன்."

கிராம அலுவலர் ராசாங்கத்தைப் பைத்தியத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். "சாதிச் சான்று கேளுங்க, தர்றேன். இருப்பிடச் சான்று கேளுங்க, தர்றேன். ஒரு பொம்பள பீடி குடிச்சான்னு நான் கையெழுத்துப் போட்டுட்டு, நாளைக்கு அவங்க அண்ணன் தம்பி வந்து என் சட்டையைப் பிடிச்சா?"

நாளைக்கு வரை யாரும் காத்திருக்கவில்லை. வேம்புவின் தம்பி முத்தமிழ்செல்வன் அன்று சாயங்காலமே ஜெயங்கொண்டத்திலிருந்து பைக்கில் வந்து இறங்கினான். சட்டைக் கை முழங்கைக்கு மேலே ஏறியிருந்தது.

"என்ன மாமா இது? எங்க அக்காவ பீடிக்காரின்னு எழுதி வாங்கறதுக்கு ஆபீஸ் ஆபீஸா அலையிறியாமே? ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டுல கேக்கறாங்க. எங்க மூஞ்சிய எங்க கொண்டு போயி வெக்கிறது?"

"ஸ்கேனு எடுக்கத்தாண்டா மாப்ள" என்றார் ராசாங்கம்.

"அதுக்கு? நாளைக்குக் கஞ்சா குடிச்சான்னு எழுதினாத்தான் ஊசி போடுவேம்பான். எழுதிக் குடுத்துருவியா?"

எழுதிக் கொடுத்திருப்பார். அது அவர் முகத்திலேயே தெரிந்தது. உள்ளேயிருந்து வேம்பு வந்தாள். "எனக்கு ஸ்கேனும் வேணாம், ஒண்ணும் வேணாம். நாலு பேரு பீடிக்காரின்னு சொல்ல உசிரு பொழச்சுக் கெடந்து நான் என்ன பண்ணப் போறேன்?" என்று தொடங்கியவள், அந்தப் பேச்சை முடிக்க முடியாமல் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு இருமினாள். இருமி முடித்து முந்தானையால் வாயைத் துடைத்தாள். துடைத்த இடத்தை மடித்து மறைத்தாள். தம்பி அதைப் பார்த்துவிட்டான். சட்டைக் கையை மெதுவாக இறக்கிவிட்டுக்கொண்டு, அக்காவுக்குத் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனான். ராசாங்கம் மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய் அழுதார். அவள் செத்துப்போய்விடுவாள் என்று அவருக்கு அப்போதுதான் முழுசாகப் பயம் வந்தது.

கொஞ்ச நாளில் லாவண்யாவிடமிருந்து போன் வந்தது.

"சார், சென்னையிலேருந்து ஆய்வுக்குழு வராங்க. மெஷின் எப்படி வேலை செய்யுதுன்னு படம் போட்டுக் காட்டணுமாம். புகை பிடிக்காத ஒருத்தரோட சுத்தமான நுரையீரல் வேணுமாம். லிஸ்ட்லயே 'அறவே பிடிக்காது'ன்னு சொன்னது உங்க வீட்டம்மா மட்டும்தான். அதோட சான்று கேட்டும் கெடைக்கல. அவங்க பிடிக்கலங்கிறது ரெண்டு தடவ உறுதியாயிருக்குன்னு ஜெயப்பிரகாஷ் சார் சொல்றாரு." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எப்படியோ மெஷின்ல ஏறிடலாம் சார். கூட்டிட்டு வாங்க."

அரியலூரில் மறுபடியும் பந்தல். வண்டிக்குள்ளே எடுக்கிற படம் வெளியே பெரிய திரையில் விழும்படி ஏற்பாடு செய்திருந்தார்கள். வேம்பு கோயிலுக்குக் கட்டுகிற புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அவளுக்கு ஒரு மாலை போட்டு, மெஷினில் படுக்க வைக்கும்போது கழற்றிக்கொண்டார்கள்.

படம் வருவதற்குள்ளேயே டாக்டர் கோகுலகிருஷ்ணன் சிவப்பு வெளிச்சம் அடிக்கிற குச்சியைத் தூக்கிக்கொண்டு ஆரம்பித்துவிட்டார். "இதோ, புகையையே அறியாத ஒரு தாயின் நுரையீரல். மாசு மரு இல்லாத..." என்றபோது படம் வந்தது. வலது பக்கம் மேலே வெள்ளையாக ஒரு புள்ளி இருந்தது. சிவப்பு வெளிச்சம் அதன் மேலே போய் நின்று, ஆடி, கீழே இறங்கி, பந்தல் கம்பத்தின் மேல் ஏறிக்கொண்டது.

ராசாங்கத்துக்கு அந்தப் படத்தில் ஒன்றும் புரியவில்லை. டாக்டர் முகத்தைப் பார்த்துத்தான் புரிந்தது.

ஜெயப்பிரகாஷ் எழுந்து மைக்கை வாங்கினார். "யாரும் பதற வேணாம். இவங்க தகுதியற்றவங்கன்னு நம்ம டேட்டா சொல்லுது. தகுதியற்றவங்களுக்கு இது வர்றதுக்கு வழியே இல்ல. வந்துச்சுன்னா டேட்டா தப்புன்னு ஆயிடும். டேட்டா தப்பாகாது. அப்ப தப்பு எதுல?"

"மெஷின்ல" என்றார் டாக்டர், உயிர் வந்தவராக. "லென்ஸ்ல தூசி மாதிரி ஏதாவது இருக்கும்." சி.டி. மெஷினில் லென்ஸ் கிடையாது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

ஆய்வுக்குழுத் தலைவர் தலையாட்டினார். "அருமையான முடிவு. வாரண்டி இருக்கில்ல? உடனே திருச்சிக்கு அனுப்புங்க. மெஷின் விஷயத்துல மட்டும் அலட்சியம் கூடாது. ஆரம்பத்துலயே பாத்துட்டா சரி பண்ணிடலாம். தள்ளிப்போட்டா முழுசாப் போயிடும்."

அந்த இடத்தில்தான் ராசாங்கம் எழுந்தார். பஸ் போன பிறகு கேட்கிற மனிதர், பஸ் நிற்கும்போதே வாயைத் திறந்தார்.

"ஐயா, மிக்சிய ரிப்பேருக்குக் கொண்டுட்டுப் போனா ஜாரையும் எடுத்தாந்தியான்னு கேப்பாங்க. ஜாரு இல்லாம என்ன கோளாறுன்னு கண்டுபிடிக்க முடியாதும்பாங்க. மெஷின மட்டும் அனுப்பினா எந்த நெஞ்சுல கோளாறு காட்டுச்சுன்னு அங்க கேக்க மாட்டாங்களா?"

ஜெயப்பிரகாஷ் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் ஆய்வுக்குழுவைப் பார்த்தார். "பாயின்ட்டுதான். மாதிரி இல்லாம கம்ப்ளெயின்ட் எடுத்துக்க மாட்டாங்க" என்றார் தலைவர். வேம்புவை மெஷினோடு அனுப்ப அங்கேயே உத்தரவானது. ராசாங்கமும் கூடவே ஏறிக்கொண்டார். மெஷின் குலுங்கக் கூடாது என்பதற்காக டிரைவர் திருச்சி வரைக்கும் ஊர்ந்துகொண்டே போனார். பள்ளம் வந்தால் லாவண்யா எழுந்து மெஷினைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவள் வேம்புவைப் பிடித்துக்கொண்டாள்.

திருச்சியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி வளாகத்திலேயே மெஷின் கம்பெனியின் சர்வீஸ் பிரிவும் இருந்தது. அங்கே பொறுப்பில் இருந்தவர் கலைவாணன். புகாரைப் படித்ததும் அவருக்கு முகம் சிவந்துவிட்டது. அவருடைய கம்பெனி மெஷினை, அவருடைய முகத்துக்கு நேரே, பொய் சொல்லுகிறது என்று எழுதியிருக்கிறார்கள். சொந்தப் பெண்ணைப் பற்றித் தப்பாகப் பேசினால்கூட ஒரு மனுஷன் அவ்வளவு கொதிக்க மாட்டான்.

"எங்க மெஷின் இருக்கறதைக் காட்டும், இல்லாததைக் காட்டாது. இப்பவே நிரூபிக்கிறேன்" என்று, கூப்பிட வேண்டிய எல்லோரையும் கூப்பிட்டு, வேம்புவை ஆஸ்பத்திரியில் இருந்த இன்னொரு மெஷினில் படுக்க வைத்தார். யாரும் அவளைப் புகை பிடிக்குமா என்று கேட்கவில்லை. ராசாங்கம் கதவுக்கு வெளியே நின்று, மெஷின் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று செட்டிகுளம் முருகனை வேண்டிக்கொண்டார்.

படம் வந்தது. அதே வலது பக்கம், அதே மேல் ஓரம், அதே புள்ளி.

கலைவாணன் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடிவந்தார். "வாழ்த்துகள் சார். மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல. கோளாறு முழுக்க உங்க வீட்டம்மாகிட்டத்தான்." ராசாங்கம் என்ன செய்வதென்று தெரியாமல் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கி, நன்றி சொன்னார். பிறகு சொன்னது உறைத்து, அப்படியே சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு படத்தையும் வாங்கிப் பார்த்த மருத்துவர் பானுப்ரியா வெளியே வந்து, அவரைத் தூக்கி உட்கார வைக்கச் சொன்னார். "பயப்படாதீங்க. சின்னதாத்தான் இருக்கு. எடுத்துச் சோதிச்சுப் பாக்கணும், ஆபரேஷன் பண்ண வேண்டியிருக்கும். ஆனா வேற எங்கயும் பரவினாப்ல தெரியல. இதை இந்த அளவுல பாக்கறதே அபூர்வம். எல்லாரும் முத்திப் போயித்தான் எங்ககிட்ட வராங்க." ராசாங்கம் எல்லோருக்கும் முன்னால் சத்தம் போட்டு அழுதார். லாவண்யாவும் அழுதாள்.

மருத்துவர் வேம்புவின் பக்கம் திரும்பினார். "நல்ல நேரத்துல வந்தீங்கம்மா. அந்த ஸ்கிரீனிங் திட்டத்துல உங்களைச் சேத்தது யாரு? அவங்களைத்தான் பாராட்டணும்."

வேம்பு மெதுவாக இருமி முடித்துவிட்டு, ஜன்னல் வழியே வெளியே நின்ற வெள்ளை வண்டியைக் கைகாட்டினாள்.

"என்னை யாரும் சேக்கலீங்க. மெஷினுக்கு ஒடம்பு சரியில்லன்னு கூட்டியாந்தாங்க. நான் தொணைக்கு வந்தேன்."